தலைநகரத்தின் வரைபடத்தை மக்களுக்குக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு மலரில் அவுஸ்திரேலியா போகிறவர்களுக்கென்று ஒரு பயணக் கட்டுரை வந்திருந்தது. சிட்னிக்கு ஒரு முழுப் பக்கம், மெல்பேர்ணுக்கு அரைப் பக்கம். கன்பராவுக்கு ஒரேயொரு வரி: தலைநகரம்தான், ஆனால் அரசாங்கக் கட்டடங்களைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லையாம். உத்தியோக காலம் முழுவதும் இந்த நாட்டின் நிலத்தை அளந்து திரிந்தவன் நான். அந்த வரியைப் படித்த பிறகு பேசாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. கன்பராவைப் பற்றி நான் கண்டதைச் சொல்ல வேண்டும். அதோடு, வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறிப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் நம்முடைய சொந்தத் தலைநகரைப் பற்றி ஒரு கோரிக்கையும் வைக்க வேண்டும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கங்களில் ஒரு பிள்ளையாவது அவுஸ்திரேலியாவில் இல்லாத தமிழ் வீடு குறைவு. பேரப்பிள்ளை பிறந்ததென்று போகிறோம். ஒபரா ஹவுஸ் முன்னால் நின்று ஒரு படம், ஹெலன்ஸ்பேர்க் பெருமாள் கோயில், மேஸ் ஹில் முருகன் கோயில், புளூ மவுண்டன்ஸ், மிச்ச நாட்களுக்குக் கடைகள். சிட்னியிலிருந்து கன்பரா ஏறக்குறைய 290 கிலோமீற்றர். பஸ்ஸில் மூன்றரை மணித்தியாலம். யாழ்ப்பாணத்துக்கு இராப் பஸ்ஸில் போய் அடுத்த நாளே திரும்பி வருகிற நமக்கு இது ஒரு தூரமே இல்லை. ஆனாலும் போவதில்லை. என் மகள் அங்கே குடியிருந்தபடியால்தான் எனக்கும் அது வாய்த்தது.

கன்பராவை அதன் திட்டம் தெரியாமல் பார்த்தால் அகன்ற வீதியும் புல்வெளியும் மரமும்தான் தெரியும். திட்டம் தெரிந்து பார்த்தால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருப்பது விளங்கும். ஆகவே கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

1901 ஜனவரி 1ஆம் திகதி ஆறு குடியேற்ற நாடுகள் சேர்ந்து ஒரே அவுஸ்திரேலியாவாகின. தலைநகரம் சிட்னியா, மெல்பேர்ணா என்பதில் இரண்டு பெரிய நகரங்களும் விட்டுக்கொடுக்கவில்லை. எனவே அரசியலமைப்பின் 125ஆம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள்: தலைநகரம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள் அமைய வேண்டும், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலுக்குக் குறையாத தூரத்தில் அமைய வேண்டும், அது எழும்பும் வரை பாராளுமன்றம் மெல்பேர்ணில் கூடும். பல இடங்களைப் பார்த்துக் கழித்து, 1908இல் மொலோங்லோ ஆறு ஓடுகிற ஒரு பள்ளத்தாக்கைத் தெரிவு செய்தார்கள். நுன்னவால் பழங்குடி மக்கள் வாழ்ந்த மண் அது. பின்னால் வந்த வெள்ளையர் அங்கே செம்மறி மேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடத்தை அளந்தவர் சார்ள்ஸ் ஸ்கிரிவனர் என்ற நில அளவையாளர். மேடு பள்ளம் எல்லாவற்றையும் அளந்து, ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டும் சமவுயரக் கோட்டுப் படம் தயாரித்ததோடு, ஆற்றை மறித்து ஓர் அழகான ஏரி அமைக்க இங்கே இடமுண்டு என்று தன் அறிக்கையில் எழுதினார். 1911இல் நகரத்துக்கான வடிவமைப்புப் போட்டியை உலகம் முழுவதற்கும் அறிவித்தபோது, போட்டியாளர்களுக்குக் கொடுத்தது அந்தப் படங்களையும், சுற்றியுள்ள மலைகளை நீர்வர்ணத்தில் தீட்டிய காட்சிகளின் பிரதிகளையும்தான். வந்த திட்டங்கள் 137. வென்றவர் அமெரிக்காவில் சிக்காகோவைச் சேர்ந்த வோல்ட்டர் பேர்லி கிரிஃபின் என்ற கட்டடக் கலைஞர். திட்டத்தைத் துணியில் அற்புதமாகக் கீறிக் கொடுத்தவர் அவருடைய மனைவி மரியன் மஹோனி கிரிஃபின். அவரும் கட்டடக் கலைஞரே. இருவருமே அந்த நிலத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஓர் அளவையாளன் கீறிய கோடுகளை நம்பி, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, எந்த மலையிலிருந்து பார்த்தால் எது தெரியும் என்று கணித்து ஒரு நகரத்தையே வரைந்தார்கள். என் தொழிலைச் செய்தவர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் வேறெங்கும் காணவில்லை.

பாராளுமன்ற மலையின் ஓரமாக, ஸ்டேட் சேர்க்கிள் என்ற வளைவு வீதியில், மரங்களுக்கிடையே ஒரு சின்னக் கொங்கிறீற்று அறை நிற்கிறது. உல்லாசப் பயணிகள் அதைக் கடந்து போய்விடுவார்கள். நான் அங்கேதான் கனநேரம் நின்றேன். அளவையாளர்களின் முகாம் இருந்த காலத்தில் வரைபடங்களைத் தீயிலிருந்து காப்பதற்கென்றே கட்டிய அறை அது. ஆட்கள் கூடாரத்தில் படுத்தார்கள். படங்களுக்குக் கொங்கிறீற்றுச் சுவர். மகாவலி வேலைகளில் தகரக் கொட்டிலில் கிடந்த காலத்தில், மழை ஒழுகத் தொடங்கினால் பாயைத் தூக்குமுன், அளவுகளைக் குறித்துவைக்கும் பீல்ட் புக்கைத் தூக்கியவர்கள் நாங்கள். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தபோது, என்னோடு அளவைச் சங்கிலி பிடித்து இன்று உயிரோடில்லாத சங்கிலிக்காரர்களின் முகங்கள் எல்லாம் வந்து போயின. 1913 பெப்ரவரி 20ஆம் திகதி அந்த மலையில் முதலாவது அளவை முளையை அமைச்சர் ஒருவரே அடித்தார். மார்ச் 12ஆம் திகதி ஆளுநர் நாயகத்தின் மனைவி டென்மன் சீமாட்டி நகரத்துக்குக் கன்பரா என்ற பெயரை அறிவித்தார். மண்டபம் எதுவும் எழும்பவில்லை. முளையும் பெயரும் மட்டும்.

போகிறவர்கள் முதல் வேலையாக ஏய்ன்ஸ்லி மலைக்குப் போங்கள். 843 மீற்றர் உயரம். உச்சி வரை காரில் போகலாம். அங்கேயுள்ள பார்வை மேடைக்கு 2013இல், நகரத்தின் நூற்றாண்டில், மரியனின் பெயரை வைத்திருக்கிறார்கள். கீழே பார்த்தால் நேர்கோடு. காலடியில் போர் நினைவகத்தின் குவிமாடம், அதிலிருந்து சிவப்புச் சரளை பரவிய அன்சாக் பரேட் வீதி, பிறகு ஏரி, ஏரிக்கு அப்பால் வெள்ளை நிறத்தில் பழைய பாராளுமன்றம், அதன் பின்னால் மேட்டில் புதிய பாராளுமன்றத்தின் கொடிக்கம்பம், எல்லாவற்றுக்கும் பின்னால் தூரத்து மலைத்தொடர். கோணம் அளக்கும் கருவியான தியோடலைட் ஒன்றை அங்கே நிறுத்தினால் இத்தனையையும் பார்க்கக் குழாயை இடம் வலமாகத் திருப்பவே தேவையில்லை. இந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டுவது ஏரியின் நீர்க்கோடு. அது பிளாக் மவுண்டன் பக்கமிருந்து வருகிறது. கோடுகளை மலைகளில் கட்டினார் கிரிஃபின். மலையைச் சமப்படுத்தி நகரத்தைக் கட்டாமல், மலை காட்டிய திசையில் நகரத்தை வைத்தார். இன்றும் அந்த மலைகளின் தலையில் வீடு கிடையாது. காடுதான்.

இனிப் பாராளுமன்றம். இங்கேதான் நம்முடைய வாசகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கிரிஃபினின் திட்டத்தில் மிக உயர்ந்த மேட்டில் இருந்தது பாராளுமன்றம் அல்ல. மக்கள் கூடுவதற்கும் நாட்டின் சாதனைகளைப் போற்றுவதற்கும் ஒரு மண்டபத்தைத்தான் அவர் உச்சியில் வைத்தார். சட்டம் செய்கிறவர்களின் இடம் அதற்குக் கீழ்ப் படியில். அந்த மண்டபம் கட்டப்படவேயில்லை. 1927 மே 9ஆம் திகதி தற்காலிகமென்று திறந்த வெள்ளைக் கட்டடத்திலேயே 1988 வரை பாராளுமன்றம் கூடியது. புதியதை எங்கே கட்டுவது என்ற வாதம் நீண்டு, கடைசியில் 1974இல் அந்த உச்சி மேட்டையே பாராளுமன்றத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். திட்டத்துக்கு அது நேர்மாறு. ஆனால் இத்தாலியில் பிறந்த ரொமால்டோ ஜுர்கோலா என்ற கட்டடக் கலைஞர் ஒரு வழி கண்டுபிடித்தார். மேட்டைத் தோண்டி, பத்து இலட்சம் கன மீற்றருக்கு மேல் பாறையை அகற்றி, கட்டடத்தை உள்ளே வைத்து, பழைய மேட்டின் வடிவத்திலேயே மேலே புல் போட்டு மூடினார். பிரதிநிதிகள் கீழே, மக்கள் மேலே. நாட்டு மக்கள் தங்கள் பாராளுமன்றத்தின் தலைக்கு மேல் நடக்கலாம், சிறுவர்கள் சரிவில் உருண்டு விளையாடலாம் என்பதுதான் அந்தக் கட்டடத்தின் உயிர்.

பாதுகாப்புக் காரணம் சொல்லி 2017இல் அந்தப் புற்சரிவுக்குக் குறுக்கே வேலி போட்டுவிட்டார்கள். கட்டடத்துக்குள்ளே போய் லிப்டில் ஏறித்தான் இப்போது கூரைக்குப் போகலாம். இது எனக்கு மிகவும் மனவருத்தத்தைத் தந்தது. ஓர் அருமையான எண்ணத்தின் மேல் வேலி போடுவது பாறையை வெட்டுவதைவிட எளிது. இருந்தாலும் கூரைக்குப் போய் நில்லுங்கள். 81 மீற்றர் உயரக் கொடிக்கம்பத்தின் கீழே நின்று எதிரே பார்த்தால், ஏய்ன்ஸ்லியிலிருந்து பார்த்த அதே கோடு மறுபக்கமிருந்து தெரியும். கோட்டின் முடிவில் போர் நினைவகம். போருக்கு ஆள் அனுப்பத் தீர்மானிக்கிறவர்கள் வாசலுக்கு வந்தால், போனவர்களின் பெயர்கள் இருக்கும் இடம் எதிரே நிற்கும். பாராளுமன்றத்துக்குள்ளே போக ஒரு சதம் கட்டத் தேவையில்லை. பையைச் சோதித்து அனுப்புவார்கள், அவ்வளவுதான். பாராளுமன்றம் கூடுகிற நாளாயிருந்தால் பார்வையாளர் மாடத்தில் இருந்து பிரதமரைக் கேள்வி கேட்பதையும் பார்க்கலாம். அரசனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று சொன்ன இங்கிலாந்தின் பழைய சாசனமான மாக்னா கார்ட்டாவின் 1297ஆம் ஆண்டுப் பிரதி ஒன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள்.

போர் நினைவகம் 1941 நவம்பர் 11ஆம் திகதி திறக்கப்பட்டது. அதன் திறந்த முற்றத்தின் இருபுறச் சுவர்களிலும் வெண்கலப் பலகைகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். பதவி இல்லை, பதக்கம் இல்லை. ஜெனரலும் சிப்பாயும் வெறும் பெயராக ஒரே வரிசையில். உறவினர்கள் வந்து பெயருக்குப் பக்கத்து இடுக்கில் ஒரு சிவப்புப் பொப்பிப் பூவைச் செருகிவிட்டுப் போகிறார்கள். மூடும் நேரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரேயொரு பெயரை எடுத்து, அவர் யார், எந்த ஊர், எப்படி இறந்தார் என்று வாசிக்கிறார்கள். பிறகு எக்காளம் ஊதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் பெயரைச் சொல்லி ஒரு விளக்கு ஏற்றுவதற்கே எத்தனை தாய்மார் எவ்வளவு காலம் பட்டபாடு என்று நினைத்துக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் எழுத விரும்பவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏரியைக் கிரிஃபின் பார்க்கவேயில்லை. அதிகாரிகளோடு இழுபறிப்பட்டு 1920இல் பதவியை விட்டு விலகியவர், பல்கலைக்கழக நூலகம் ஒன்றை வடிவமைக்க இந்தியாவுக்கு வந்து, 1937இல் லக்னோவில் இறந்து அங்கேயே அடக்கமானார். அணை கட்டி முடிந்து ஏரி நிரம்பியது 1964இல். ஏரிக்குக் கிரிஃபினின் பெயர், அணைக்கு ஸ்கிரிவனரின் பெயர். ஏரியைச் சுற்றித் தேசிய நூலகம், உயர் நீதிமன்றம், தேசிய ஓவியக்கூடம், 2001இல் திறந்த தேசிய நூதனசாலை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஓவியக்கூடத்தில் 1973இல் 13 இலட்சம் டொலருக்கு வாங்கி நாடே சண்டை பிடித்த ஜாக்சன் பொலொக்கின் ஓவியம் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பழங்குடி மக்களின் பகுதியே மனதில் நின்றது. வசந்த காலத்தில் ஏரிக்கரைப் பூங்காவில் ஃபுளோரியாட் என்ற மலர்க் கண்காட்சி நடக்கும். யூன், யூலை மாதங்களில் போகாதீர்கள். நுவரெலியாக் குளிர் என்று நினைத்து ஒரு சுவெற்றரோடு போனால் பட்டுத்தான் தெளிவீர்கள்.

ஒன்றை மட்டும் வேகமாகக் கடக்க முடியாது. பழைய பாராளுமன்றத்தின் முன்புறப் புல்வெளியில் பழங்குடி மக்களின் கூடாரத் தூதரகம் இருக்கிறது. 1972 ஜனவரி 26ஆம் திகதி நான்கு இளைஞர்கள் ஒரு கடற்கரைக் குடையை நட்டு அங்கே உட்கார்ந்தார்கள். தங்கள் மண்ணிலேயே தாங்கள் அந்நியராக்கப்பட்டதால் தங்களுக்கும் ஒரு தூதரகம் வேண்டும் என்பது அவர்களின் வாதம். அதே வருடம் பொலிசார் வந்து பிடுங்கி எறிந்தார்கள். அவர்கள் மீண்டும் போட்டார்கள். 1992இலிருந்து நிரந்தரமாக அங்கே இருக்கிறது. இதை அரசாங்கத்தின் பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன்; அந்த மக்களின் பிடிவாதம் அது. நகரத்தின் நடுக்கோட்டில், கிரிஃபின் கீறிய அதே கோட்டில், அந்தக் கேள்வியும் இருக்கிறது. கன்பராவுக்குப் போகும் தமிழர் யாரும் அங்கே போய் நில்லாமல் திரும்பக் கூடாது என்பது என் தாழ்மையான கருத்து.

குறையும் உண்டு. கார் இல்லாதவனுக்குக் கன்பரா கஷ்டமான ஊர். குடியிருப்புகள் ஒன்றுக்கொன்று தூரம், இடையில் காடு. 2019இல் கங்காலினிலிருந்து நகர மையத்துக்கு இலகு ரயில் வந்தது பெரிய உதவி. மகளின் வீடு அந்தப் பக்கம் என்பதால் நான் தனியே போய்வரப் பழகிக்கொண்டேன். மற்றப் பக்கங்களில் பஸ்ஸுக்குப் பொறுமை வேண்டும். கிரிஃபின் கற்பனை செய்த, ஆட்கள் நெருங்கி நடமாடுகிற நகரத் தெருக்கள் பல இன்னும் வரவில்லை.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். ஏரிக்கரையில் ரெகாட்டா பொயின்ற் என்ற இடத்தில் ஒரு கண்காட்சி மண்டபம் இருக்கிறது. உள்ளே நகரத்தின் பெரிய மாதிரி ஒன்று. விளக்கை அணைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் கதை சொல்லச் சொல்ல, மாதிரியின் மேல் ஒளிக்கோடுகள் ஓடி எந்த வீதி எந்த மலையைப் பார்க்கிறது, ஏரி எப்படி உருவானது என்று காட்டுகின்றன. கண்ணாடிக்கு வெளியே அதே ஏரி, அதே மலை. என் பேத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அம்மப்பா, உங்கட தலைநகரத்தையும் இப்பிடிக் கீறிப்போட்டே கட்டினவை?" ஓம் என்றேன். அதை எங்கே போய்ப் பார்க்கலாம் என்றாள். அதற்குச் சொல்ல என்னிடம் ஓர் இடம் இருக்கவில்லை.

நம்முடைய தலைநகரம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே என்று புலமைப்பரிசில் பிள்ளைக்கும் தெரியும். பொது அறிவு வினாவில் சரியாக எழுதும். ஆனால் கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகளில் அதைப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நமக்குப் பத்தரமுல்லை என்றால் கடவுச்சீட்டு, பிறப்புச் சாட்சிப் பத்திரம், வரிசை, போட்டோக் கொப்பி. 177 பஸ்ஸில் இறங்கி, வேலையை முடித்து, அதே பஸ்ஸில் திரும்பிவிடுகிறோம். பக்கத்தில் இருக்கும் நீரையும் அதன் நடுவே நிற்கும் செப்புக் கூரையையும் யாராவது நின்று பார்க்கிறோமா?

அந்த நீர் தற்செயலாக வந்ததல்ல. நான் இளம் அளவையாளனாக இருந்த நாட்களில் அது புல்லும் சேறும் நிறைந்த சதுப்பு. 1979இல் புதிய பாராளுமன்றத்தை அங்கே கட்டத் தீர்மானித்தபோது, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அந்தச் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, துவ என்ற 12 ஏக்கர் மேட்டைத் தீவாக விட்டு, அதன் மேல் மண்டபங்களை வைத்தார். நடுவில் பெரிய மண்டபம், சுற்றிவர சிறிய மண்டபங்கள், எல்லாவற்றுக்கும் செப்புக் கூரை. ஜப்பானிய நிறுவனம் கட்டியது. 1982 ஏப்ரல் 29ஆம் திகதி திறந்தார்கள். பஸ் ஓடுகிற பக்கமிருந்து பார்த்தால் மண்டபங்கள் தண்ணீரில் மிதப்பது போல் தெரியும். பாவா இன்று உலகம் படிக்கும் கட்டடக் கலைஞர். கன்பராவில் மலையைத் தோண்டினார்கள், கோட்டேயில் சதுப்பைத் தோண்டினார்கள். நிலத்தைப் படித்து, அதற்கேற்பக் கட்டியதில் இரண்டும் ஒரே வகை.

அதற்கு முந்திய கோட்டேயும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் அளகேஸ்வரன் அங்கே கோட்டை கட்டியதே யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளை எதிர்த்து நிற்பதற்காக. சதுப்பு மூன்று பக்கமும் காவல் நின்ற இடம் என்பதால்தான் அதைத் தெரிந்தெடுத்தான். அடுத்த நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு அதைத் தலைநகராக்கினான். அவன் அனுப்பிய செண்பகப் பெருமாள் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆண்டு, பின்னர் கோட்டே திரும்பிப் புவனேகபாகு என்ற பெயரில் அரசனானான். நல்லூர்க் கந்தன் கோயில் கட்டியத்தில் இன்றும் கேட்கிற புவனேகபாகு அவனே என்று சொல்வோர் பலர். 1565இல் போர்த்துக்கேயர் கோட்டேயைக் கைவிட்டுக் கொழும்புக்குப் போனார்கள். மதிலும் அகழியும் மிச்சமாய் இன்னும் சில இடங்களில் கிடக்கின்றன. இந்தக் கதையில் நாமும் இருக்கிறோம். எதிரியாகவும் இருக்கிறோம், உறவாகவும் இருக்கிறோம்.

புதிய பாராளுமன்றம் திறந்த அடுத்த வருடமே நாடு எரிந்ததும், பிரிவினையை நிராகரித்துச் சத்தியம் செய்யக் கேட்ட அரசியலமைப்பின் ஆறாம் திருத்தத்தின் பின் எங்கள் பிரதிநிதிகளின் ஆசனங்கள் வெறுமையானதும் என் வயதுக்காரர் மறக்கக் கூடியவை அல்ல. அந்தப் பக்கம் தலைவைத்துப் பார்க்க நமக்கு ஏன் மனம் வரவில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கும் கனகாலம் அப்படித்தான். ஆனால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது அடுத்தவன் வீட்டு வளவாகவே இருக்க வேண்டுமா?

பாராளுமன்றத்தைச் சுற்றியுள்ள தியவன்னா ஏரியின் கரையில் தியத்த உயன என்ற பூங்கா 2012இலிருந்து இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் போனால் சனம் நிறைந்திருக்கும்: பூச்செடி விற்பவர்கள், சாப்பாட்டுக் கடைகள், சைக்கிள் ஓடும் பிள்ளைகள். தண்ணீருக்கு அப்பால் பாராளுமன்றம். இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. நகர அபிவிருத்தி அதிகார சபை அங்கே ஒரு சிறு மண்டபத்தில் தலைநகரின் மாதிரியை வைக்க வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். சதுப்பு எப்படி இருந்தது, ஏரி எப்படி வந்தது, பாவாவின் தீவு எது, பழைய கோட்டையின் மதில் எந்த வழியாகப் போனது, வெள்ளம் வந்தால் இந்தச் சதுப்பு நிலங்கள் கொழும்பை எப்படிக் காக்கின்றன என்று ஒரு பிள்ளை விரலால் தொட்டுப் பார்த்து விளங்கிக்கொள்ளும்படி இருந்தால் போதும். கொழும்பு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டதையும் அங்கே சொல்லலாம். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. பழைய படங்களுக்குக் குறை இருக்காது. மூன்று மொழியிலும் எழுத வேண்டும். தமிழைத் தமிழ் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்து, பலகை செய்யுமுன் இன்னொருவரைக் கொண்டு வாசிப்பிக்க வேண்டும். கொழும்பில் அறிவிப்புப் பலகைத் தமிழைப் படித்து மனம் நொந்த எவருக்கும் இந்த வேண்டுகோளின் காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

தமிழ்ப் பாடசாலை அதிபர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றால் மாணவர்களைப் பாராளுமன்றத்துக்கு அழைத்துப் போகலாம். சுற்றுலா என்றால் மிருகக்காட்சிச்சாலை, தாமரைக் கோபுரம் என்று மட்டும் நிறுத்திவிடாமல் வருடத்தில் ஒரு வகுப்பையாவது கோட்டேக்குக் கொண்டு போங்கள். போகுமுன் அந்தப் பகுதியின் இடவிளக்கப் படத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். புவியியல் பாடத்தில் சமவுயரக் கோட்டைப் பரீட்சைக்காகவே படித்த பிள்ளை, அதே கோட்டைக் காலால் நடந்து பார்க்கட்டும்.

உங்கள் பத்திரிகையும் ஒரு ஞாயிறு மலரில் கோட்டேயின் வரைபடத்தை ஒரு முழுப் பக்கத்தில் போடலாம். சிட்னிக்குக் கொடுத்த அளவு இடம் போதும். வரைபடத்தைச் சரிபார்க்க ஆள் தேவையென்றால் நான் வருகிறேன். பிள்ளைகளை அழைத்துப் போகும் எந்தப் பாடசாலையும் விரும்பினால் கூட வந்து, படம் வாசிக்கவும் திசை பிடிக்கவும் சொல்லிக்கொடுக்கவும் தயாராக இருக்கிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். என் முகவரியும் தொலைபேசி இலக்கமும் உங்கள் அலுவலகத்தில் உண்டு, கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.